பதினோரு மணி ஓட்டம்

அண்ணாச்சி,

உங்களை நான் இப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. ஐந்து வருடம் ஒரே மைதானத்தில் நின்றோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர் நீங்கள். இருந்தும் 'மார்க்கர்' என்பதற்கு மேல் ஒரு சொல் என் வாயில் வந்ததில்லை. நீங்கள் என்னை 'சார்' என்றீர்கள். அதில் ஒருநாளும் குறை வைக்கவில்லை, கடைசியாக என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அன்றுகூட.

நேற்று வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். வேலை கேட்டு அல்ல, ஆள் எடுக்க. உடற்கல்வி இயக்குநர் பதவி. 'துறை வல்லுநர்' என்று எழுதிய அட்டையை என் முன்னால் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் யாரோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாளியில் நீற்றிய சுண்ணாம்பின் வாசனை காற்றோடு உள்ளே வந்தது. அது ஆளைப் பிடித்து உலுக்குகிற வாசனை. உங்கள் சட்டை, உங்கள் சைக்கிள், நீங்கள் கொடுத்துவிட்டுப் போகிற சாவிக்கொத்து எல்லாவற்றிலும் இருந்த வாசனை.

அப்போது பார்த்து அந்தக் கல்லூரி முதல்வர் என்னிடம் கேட்டார்: "நாங்கள்லாம் வேற சப்ஜெக்ட் சார். ஒரு பிசிக்கல் டைரக்டருக்கு என்ன தகுதி முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். பட்டப்படிப்பு, உடற்கல்வியில் உயர்படிப்பு, பல்கலைக்கழக அளவில் விளையாடியதற்குச் சான்று, விதிகளில் தெளிவு, போட்டிகள் நடத்திய அனுபவம், பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கும் பழக்கம். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் என்னால் தடங்கல் இல்லாமல் சொல்ல முடிந்தது. இரவு பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் உறுத்தியது. இன்று காலையில் எழுதுவதற்கு உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்து நான்கில், கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம், சங்கரன்கோவிலில் வந்து இறங்கினேன். வாசுதேவநல்லூர் வயக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் உடற்கல்வி படித்து, முதல் வகுப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்திருந்தேன். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் எந்த ஓட்டத்திலும் முதலாவதாக வந்ததில்லை. மூன்றாவதாகக்கூட வந்ததில்லை. ஆனால் எழுத்துத் தேர்வில் என்னை யாரும் முந்தியதும் இல்லை.

உடைமரமும் சரளைக்கல்லுமாகக் கிடந்த பொட்டலைக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வெட்டித் திருத்தி மைதானமாக்கியவர் நீங்கள். நியமனம் என்னவோ மார்க்கர்தான். கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது. பத்தாம் வகுப்பு தாண்டாதவருக்கு அதற்கு மேல் நியமனம் கிடையாது. ஆனால் இயக்குநர் பதவிக்கு ஆள் வராத ஐந்து வருடமும் அந்த வேலையை நீங்கள்தான் பார்த்தீர்கள். மாணவர்கள் உங்களை 'பி.டி. சார்' என்று கூப்பிட்டார்கள்.

நான் சேர்ந்த அன்று முதல்வர் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என்னை உட்காரச் சொன்னார். உங்களிடம், "இனிமே இவருதான் டைரக்டர். பையன்கள் உம்மைச் சார்னு கூப்பிடக் கூடாது. அது இவருக்கு மரியாதைக் குறைவு. நீரே சொல்லிரும்" என்றார்.

"சொல்லிருதேன் சார்" என்றீர்கள்.

அன்று மாலையே மைதானத்தில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி நீங்களே சொன்னீர்கள். "ஏலே, இன்னையிலருந்து சார்னா இவியதான். என்னைய மார்க்கர்ன்னு கூப்பிடணும். கேட்டுச்சா?" என் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்கள் அதைச் சொன்னபோது நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் சொல்லவில்லை.

நான் ஒன்றுமே தெரியாதவனாக வந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நீங்கள் தேங்காய்நார்க் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வைத்திருந்த ஓடுபாதையை நான் இரும்பு நாடாவால் அளந்தேன். உள்கோட்டின் மேலேயே நானூறு மீட்டர் வைத்திருந்தீர்கள். ஓடுகிறவன் கோட்டின் மேல் ஓட மாட்டான், ஓரடி தள்ளித்தான் ஓடுவான், அங்கேதான் அளக்க வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் கூடுதல்.

நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப அஞ்சு வருசமா பயலுவ கூடுதலாத்தான் ஓடியிருக்கானுவ. நல்லதுதான் சார், ஒண்ணும் நட்டமில்ல" என்று சிரித்தீர்கள். ஒரே வாரத்தில் பாதை முழுவதையும் அழித்துத் திரும்பப் போட்டீர்கள். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. நானாக இருந்தால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது அளவு. உங்களுக்குத் தெரிந்தது ஆள். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்ப்பீர்கள். "ராத்திரி என்ன தின்ன?" என்பீர்கள். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வருகிற பையன்கள் "சோறு தின்னேன் சார்" என்று பொய் சொல்வார்கள். உங்களுக்குத் தெரிந்துவிடும். "சரி, இன்னைக்கு நீ ஓடாண்டாம். அந்த வலையக் கெட்டு" என்று சும்மா உட்கார்த்தாமல் வேலை கொடுத்து உட்கார வைப்பீர்கள். பையனுக்கு மானம் போகக் கூடாது என்பது கணக்கு. இதை எந்தப் பதிவேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதவும் இல்லை.

நீங்கள் ஒன்றும் சாமியார் இல்லை. பீடி இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க மாட்டீர்கள். பிந்தி வருகிறவன் மேல் சரளைக்கல்லை எடுத்து எறிவீர்கள். உங்கள் வாயில் வருகிற வசவைக் கேட்டு ஆங்கிலப் பேராசிரியர் ஒருமுறை முதல்வரிடம் புகார் எழுதினார். ஆனாலும் பையன்கள் உங்களைச் சுற்றித்தான் இருந்தார்கள். எனக்குக் காதில் விழாத தூரத்தில் உங்களை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். விழுந்தது. விழாததுபோல இருந்தேன்.

அந்த ஐந்து வருடத்தில் கல்லூரிக்குக் கோப்பைகள் வந்தன. போட்டி விண்ணப்பத்தில் 'பயிற்சியாளர்' என்ற இடத்தில் என் பெயர். அது விதி. மார்க்கர் பெயரை எழுத இடம் கிடையாது. இப்படி விதிக்குள்ளேயே இருந்து நான் நல்ல பெயர் வாங்கினேன். எழுபத்தொன்பதில் கல்லூரிகளுக்கிடையிலான நெடுந்தூர ஓட்டத்தை நம் ஊரில் நடத்த அனுமதி வாங்கியதும் அந்த நல்ல பெயரை வைத்துத்தான்.

மாசி மாதக் கடைசி. கல்லூரி வாசலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். காலை ஆறரைக்கு ஓட்டம் என்று எல்லாக் கல்லூரிக்கும் எழுதியிருந்தேன். ஓர் அணிக்கு ஆறு பேர். ஒருவர் குறைந்தாலும் அணி கணக்கில் வராது.

இரண்டு நாள் முன்னால் நம் அணியின் பட்டியலை உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து வேலுச்சாமியின் பெயரை அடித்தீர்கள். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன், இரண்டாம் வருடம், நம்மிடம் இருந்த நல்ல ஓட்டக்காரர்களில் ஒருவன்.

"இவன் வேண்டாம் சார்."

"ஏன், நல்லா ஓடுதவன்தானே?"

"காமாலை வந்து இப்பதான் எந்திருச்சிருக்கான். கண்ணு இன்னும் தெளியல. ஒரு மாசம் போவட்டும்."

"டாக்டர் ஓடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரா?"

"டாக்டர் என்னத்த எழுத? நான் தெனமும் பாக்கேம்லா சார்."

"ஆறு பேர் இல்லன்னா டீமே கிடையாது. நம்ம ஊர்ல நடத்திட்டு நமக்கே டீம் இல்லன்னா சிரிப்பாவ."

நான் அந்தத் தாளை வாங்கி, அடித்த பெயருக்குக் கீழே, என் பேனாவால், என் கையெழுத்தில், அவன் பெயரைத் திரும்ப எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "காலைல ஆறரைன்னா சரி. வெயில் ஏறுமுன்ன மெதுவா ஓடி வந்துருவான். கூட நான் சைக்கிள்ல போறேன்" என்றீர்கள். எனக்காக இறங்கி வந்தீர்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் ஜெயித்ததாகத்தான் தோன்றியது.

ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்க ஒரு பெரிய அதிகாரியை நம் நிர்வாகச் செயலர் அழைத்திருந்தார். ஆறரைக்கு அவர் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் தகவல் வந்தது. பத்துக் கல்லூரிப் பையன்கள் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் மூன்று இடத்தில் நீங்கள் விடியற்காலையில் நிரப்பிவைத்த தண்ணீர்ப் பானைகளை, வெயில் ஏற ஏற, காட்டுவேலைக்குப் போகிறவர்கள் குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

எட்டு மணிக்கு ஒருமுறை என்னிடம் வந்தீர்கள். ஒன்பதரைக்கு ஒருமுறை. இரண்டு தடவையும் "பாக்கேன்" என்றேன். பதினோரு மணிக்குச் சற்று முன்னால் ஜீப் வந்து நின்றது. விருந்தினர் மேடை ஏறினார், மாலை போட்டார்கள். நீங்கள் மூன்றாம் முறையாக ஓடிவந்தீர்கள்.

"சார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு விடுவோம். இந்த வெயில்ல பயலுவள ஓடவிடாதிய. மேடையில உள்ளவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவரு சாயங்காலம் வரைக்கும் இருக்கமாட்டாரு."

"அவரு இருந்தா என்ன, போனா என்ன? ஓடப்போறது பயலுவதான?"

"மெதுவாப் பேசும் வே!"

மூத்தவரை 'வே' என்றேன். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. "சரி சார். வேலுச்சாமிய மட்டுமாவது உக்கார வையுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்" என்றீர்கள். உண்மையாகவே கையைக் குவித்தீர்கள்.

மேடையிலிருந்து செயலர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். சீக்கிரம் என்று அர்த்தம். நான் சொன்னேன்: "ஓடட்டும். முடியலன்னா நின்னுக்கிடட்டும்."

உங்கள் துண்டை வாளியில் நனைத்து வேலுச்சாமியின் தலையில் வைத்துக் கட்டினீர்கள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, முடியலன்னா ரோட்டோரமா உக்காந்துரு. எவனும் ஒண்ணும் சொல்லமாட்டான். பின்னால நான் வாரேன்" என்றீர்கள். அவன் சிரித்தான். "முடிச்சிருவேன் சார்" என்றான். அந்த 'சார்' உங்களுக்கு.

கொடி அசைந்தது. பையன்கள் ஓடினார்கள். சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் கடைசி ஆளுக்குப் பின்னால் போனீர்கள். நான் விருந்தினருக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்றதை நீங்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். திரும்பி வரும் வழியில், ஒன்பது கிலோமீட்டர் தாண்டி, பருத்திக்காட்டு ஓரத்தில் அவன் சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருக்கிறான். கூப்பிட்டால் திரும்பவில்லை. யாரோடோ பேசுகிறவன்போல வாய் அசைந்திருக்கிறது. உடம்பு நெருப்பாகக் கொதித்தும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அவன் தலையில் கவிழ்த்து, நடுச்சாலையில் சைக்கிளைக் குறுக்கே போட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ்ஸை மறித்து, கடைசி சீட்டில் அவனைக் கிடத்தி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அங்கேயிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு வண்டி கேட்டுத்தான் மைதானத்துக்கு ஓடிவந்தீர்கள். பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. மேடையில் ஒலிபெருக்கி முன்னால் நின்று நான் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால், சட்டை முழுவதும் நனைந்து, நீங்கள் கையை மேலே தூக்கி என்னைக் கூப்பிட்டீர்கள். பார்த்தேன். உள்ளங்கையைக் காட்டி, பொறும் என்று சைகை செய்தேன். இன்னும் நான்கு பெயர்கள் இருந்தன. நான்கையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மறுநாள் விடிந்தபோது வேலுச்சாமி இல்லை.

நேற்று அந்த முதல்வருக்குப் பட்டியல் போட்டுச் சொன்னேனே, அதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதரிடம் நேரே போய், 'மன்னிக்கணும், இப்ப ஓட்டம் கிடையாது' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் படித்த இரண்டு வருடத்தில் அதற்குப் பாடம் இல்லை. பாடம் இல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மேடைக்குப் போகிற உரிமை உங்களுக்கு இல்லை, எனக்கு இருந்தது.

நேற்று நேர்முகத்துக்கு வந்தவர்களிடம் இதையே கேள்வியாகக் கேட்டேன். காலை ஓட்டம், விருந்தினர் பிந்திவிட்டார், வெயில் ஏறிவிட்டது, என்ன செய்வீர்கள்? மூன்று பேர் காத்திருப்போம் என்றார்கள். அதில் ஒருவர், "அழைச்சுட்டு அவமதிக்க முடியாதுங்களே சார்" என்றார். முதல்வர் மகிழ்ந்து போனார். நான்காவதாக வந்த கறுத்த ஒல்லி இளைஞர், "நேரத்துக்கு ஓடவிட்ருவேன் சார். அவரு வந்தப்பறம் பரிசு மட்டும் குடுக்கட்டும்" என்றார். நான் அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். தேர்வுக் குழுவில் மற்ற எல்லாரும் குறைத்துப் போட்டார்கள். அடக்கம் போதாது என்றார்கள். அவமதிக்க முடியாது என்றவரைத் தேர்ந்தெடுத்துத் தாளை என் பக்கம் தள்ளினார்கள். என் மறுப்பை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த சாப்பாட்டையும் சாப்பிட்டேன். பத்து வருடத்தில் நான் எவ்வளவு திருந்தியிருக்கிறேன் என்று பாருங்கள்.

ஓட்டம் முடிந்த பத்தாம் நாள் நிர்வாகம் விசாரணை வைத்தது. எழுதித் தரச் சொன்னார்கள். ஓட்டக்காரர்களின் உடல்நிலையைக் கவனித்தது யார் என்று ஒரு கேள்வி. நான் எழுதினேன்: 'ஓட்டக்காரர்களைத் தயார்செய்யும் பொறுப்பும் வழிநெடுகத் தண்ணீர் வைக்கும் பொறுப்பும் மார்க்கரிடம் இருந்தன.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓடட்டும் என்று சொன்னது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டால் மேடை வரைக்கும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்காததற்கு நானும் பதில் எழுதவில்லை.

நீங்கள் உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னீர்கள். பெயரை அடித்ததையும், நான் திரும்ப எழுதியதையும் சொன்னீர்கள். பட்டியல் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். "தேடிப் பாக்கேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் நம் ஊர் ரயிலடிப் பக்கம் நான் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தீர்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"சார், அந்தத் தாள் உங்க அலமாரியிலதான் இருக்கு. எனக்குத் தெரியும்."

"பாக்கேன்."

"ஒரே ஒரு வரி எழுதுங்க சார். மார்க்கர் வேண்டாம்னு சொன்னாரு, அவ்வளவுதான். ஓடச் சொன்னது யாருன்னுகூட எழுதாண்டாம்."

"பாக்கேன்னு சொல்லுதேம்லா."

என் முகத்தையே பார்த்தீர்கள். "நீங்க பாக்கமாட்டிய" என்றீர்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

தாள் அலமாரியில்தான் இருந்தது. மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதை நான்காகக் கிழித்தேன். பிறகு எட்டாக. எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்றெல்லாம் காரணங்கள் இருந்தன. உங்களுக்கும் குடும்பம் இருந்தது. அதனால் காரணங்களை இங்கே அடுக்கவில்லை.

தீர்ப்பு ஒரு பக்கம்தான். உரிய கல்வித் தகுதி இல்லாத ஒருவரிடம் பயிற்சிப் பொறுப்பு இருந்ததே இந்தத் துயரத்துக்குக் காரணம், அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். ஐந்து வருடம் இயக்குநர் இல்லாத கல்லூரியை நீங்கள் இழுத்துக்கொண்டு போனபோது யாருக்கும் நினைவுக்கு வராத தகுதி, ஆள் தேவைப்பட்டபோது நினைவுக்கு வந்தது. உத்தரவின் அடியில் துறைத் தலைவர் என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் என் வேலை நிரந்தரமானது.

நீங்கள் பனவடலிசத்திரத்துக்கே போய்விட்டீர்கள். பருத்தி அரைக்கும் மில்லில் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். எண்பத்து நான்கில் ஆடித்தபசுக் கூட்டத்தில், தெற்கு ரத வீதியில், எதிரெதிரே வந்து நின்றுவிட்டோம். ஒதுங்க இடமில்லை. உங்கள் தலை பாதி நரைத்திருந்தது. பஞ்சுத்தூசி புகுந்த இருமல் இருந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார், நான் சொன்னால் எடுத்துக்கொள்வார் என்று அந்த நெரிசலில் அவசர அவசரமாகச் சொன்னேன். பெரிய உபகாரம் செய்கிறவன்போல.

கேட்டு முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்: "எனக்குத் தகுதி கிடையாதுன்னு காலேஜ்லயே எழுதிக் குடுத்திருக்காவ சார். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிய. மறந்துட்டியளா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்த மைதானத்திலும் கால் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஊர்ப் பையன்கள் கபடிக்கு நடுவராக நிற்கக் கூப்பிட்டால்கூட எழுந்து போய்விடுவீர்களாம்.

போன ஐப்பசியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். எனக்கு இருபது நாள் கழித்துத்தான் தெரியும், பழைய மாணவர் ஒருவர் பஸ்ஸில் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பனவடலிசத்திரம் போனேன். உங்கள் மனைவிக்கு என்னைத் தெரியாது என்று நினைத்திருந்தேன். பெயரைச் சொல்லுமுன்பே, "வாங்க சார்" என்று நாற்காலியைத் தள்ளிப்போட்டார். கடைசி ஆறு மாதம் மூச்சுவிட நீங்கள் பட்ட பாட்டைச் சொன்னார். அழவில்லை. பிறகு நான் கேட்காமலே ஒன்றைச் சொன்னார்.

"அந்தப் பையன் செத்த பதினாறுக்கு நானும் இவியளும் போனோம் சார். பந்தல்ல அம்புட்டுப் பேரு இருக்க, அவன் அய்யா எந்திருச்சு வந்து இவியள அறைஞ்சாரு. ரெண்டு கன்னத்துலயும். இவிய அப்படியே நின்னாவ. திரும்பி வாரப்ப கேட்டேன், 'எதுக்கு வாங்கிட்டு நிக்கிய, உள்ளதச் சொல்ல வேண்டியதான?'ன்னு. 'சொன்னா புள்ள வந்துருவானா?'ன்னாவ. அதுக்கப்பறம் அந்தப் பேச்சே எடுத்ததில்ல."

நான் அந்தப் பதினாறுக்குப் போகவில்லை. கல்லூரி சார்பில் யாரும் போக வேண்டாம் என்று முதல்வர் சொல்லியிருந்தார். அந்தத் தகப்பனின் கை யாரைத் தேடிவந்து யார்மேல் விழுந்தது என்று உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு கன்னத்திலும்.

இதற்கு மேல் அடக்க முடியாது என்று தோன்றியது. "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அன்னைக்கு அந்தப் பையன ஓட..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேண்டாம் சார். எனக்குத் தெரியும். நீங்க சொல்லிட்டியன்னா உங்களுக்கு லேசாயிரும். நீங்க லேசா பஸ் ஏறிப் போறதுக்கு நான் எதுக்குக் கேக்கணும்?"

குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன். பஸ் வரும் வரை வாசலில் நின்றார், வந்தவனை அனுப்பிவைக்கிற முறைக்காக. சொல்லப்போன வாக்கியம் பாதியிலேயே என் வாயில் நின்றது. அங்கிருந்து அதை எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. மனைவியிடம் சொல்லப்பார்த்தேன், முடியவில்லை. நேற்று அந்த நான்காவது இளைஞர் எழுந்து போகும்போது அவரிடமாவது சொல்லலாமா என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு எண்ணம் வந்தது.

உங்களுக்கு எழுதுவது எதனால் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கையை உயர்த்தி நிறுத்த நீங்கள் இல்லை, அதனால்தான். இதுவும் ஒரு தந்திரம்தான், அண்ணாச்சி. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வேலுச்சாமியை ஓடவிட்டது நான். நீங்கள் அடித்த பெயரைத் திரும்ப எழுதியது நான். தாளைக் கிழித்தது நான்.

எழுதிவிட்டேன். லேசாகவில்லை.